கேம் பெட்டிக்குள் இருந்த உடையார்கட்டு வீடு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செல்வராசா அண்ணை. ஸ்கந்தபுரத்தில் வயல் செய்பவர். கதிரையைக் காட்டியும் இருக்காமல் நின்றார்.

அவருடைய மகள் தர்சினி. முன்பள்ளி ரீச்சர். துவாயால் சுற்றிய கேம் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கமலாக்கா. அண்ணையின் மனைவி. கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்ற ஓட்டோவின் பின் இருக்கையில் இருந்தார். பக்கவாதம் வந்து பதினொரு மாதம்.

தவம். அந்த ஓட்டோவின் சொந்தக்காரன். வாய் ஓயாது.

பிறகு நான்.

ஐந்து பேர். அவர்கள் என்னை நம்பி நின்றார்கள். நான் என் பழக்கத்தை நம்பி நின்றேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

இந்தத் தொழில் பழகுகிற தம்பிமார், தங்கச்சிமார், நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். வவுனியாவிலும் கிளிநொச்சியிலுமாக முப்பது வருடம் ரேடியோ, ரீவி, பிறகு போன், கொம்பியூட்டர் என்று எது வந்ததோ அதைத் திருத்தினேன். இப்போது கண் சரியில்லை. கடையை விட்டுவிட்டேன். எப்படித் திருத்துவது என்பதை உங்கள் போனிலேயே பார்க்கலாம், என்னைவிட நன்றாகக் காட்டுவார்கள். எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதை அதில் காட்ட மாட்டார்கள். அதை மட்டும் சொல்கிறேன்.

தர்சினி பெட்டியை மேசையில் வைத்து துவாயைப் பிரித்தாள்.

"ரெண்டு கிழமையா நிண்டு நிண்டு வேலை செய்தது ஐயா. ஐஞ்சு நாளா ஒண்டும் வரேல்லை."

"உள்ளுக்கு என்ன பிள்ளை இருக்கு? கேம்தானே?"

"வீடு இருக்கு ஐயா."

எனக்கு விளங்கவில்லை. தவம் சிரித்தான். "இந்தப் பெட்டிக்குள்ளையோ? அப்ப வீட்டுத்திட்டத்துக்குப் பேர் குடுத்திட்டு நிக்கிற சனத்துக்கெல்லாம் இதையே குடுக்கலாமே."

அவள் சிரிக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவர்களுடைய பழைய வீடு உடையார்கட்டில் இருந்தது. கடைசிச் சண்டையில் போய்விட்டது. படம் ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே அனேகம் பேருக்கு மிஞ்சவில்லை. பிரான்சில் இருக்கும் மாமன் ஒருதரம் வந்தபோது இந்தப் பெட்டியை விட்டுப் போனார். அதில் கட்டை கட்டையாக அடுக்கி எதையும் கட்டலாம் என்று ஒரு விளையாட்டு. கொரோனாவில் ஊர் பூட்டிக் கிடந்த நாட்களில் தர்சினி அதில் அந்த வீட்டைக் கட்டினாள். வீட்டை விட்டு வரும்போது அவள் சின்னப் பிள்ளை, ஒன்றும் நினைவில்லை. தாய் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லக் கட்டினாள். குசினி வாசலிலிருந்து கிணற்றுக்கு எத்தனை அடி, எந்த யன்னல் பூட்டாது, மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம் சரிந்தது, எல்லாம் கமலாக்கா சொன்னது. வேலியோரம் பதினான்கு தென்னை. பதினான்கையும் ஒவ்வொன்றாக வைத்தாள்.

பிறகு கமலாக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கதையும் நின்றுவிட்டது. ஒரு சொல் இல்லை. ஒரு பின்னேரம் தர்சினி சும்மா அந்த வீட்டை ரீவியில் போட்டு, வேலியோரமாக நடப்பதுபோல் காட்டிக்கொண்டு போனாள். தாய் வாய் திறந்து தென்னைகளை எண்ணினார். ஒன்றிலிருந்து பதினான்கு வரைக்கும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் கேட்டுவிட்டு, விடவேண்டாம், ஒவ்வொரு நாளும் எண்ண வையுங்கள், அந்த வழியாக வேறு சொல்லும் வரும் என்றாராம். ஏழு மாதம் ஒரு நாளும் விடவில்லை. போன மாதம் 'தண்ணி' என்ற சொல் வந்தது.

பெட்டி நின்றதோடு எண்ணுவது நின்றது. இப்போது தண்ணியும் வருவதில்லை.

"சும்மா எண்ணச் சொல்லிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"பாத்தனாங்கள். விரலைக் காட்டிப் பாத்தம். முத்தத்திலை நிக்கிற தென்னையைக் காட்டிப் பாத்தம். முகத்தைத் திருப்பிறா."

செல்வராசா அண்ணை அப்போதுதான் வாய் திறந்தார். "அது இந்த வளவுத் தென்னை தம்பி. அவாவின்ரை இல்லை."

ஓட்டோவைப் பார்த்தேன். கமலாக்கா கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் கேட்டபிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். வயரைக் குத்தி, சுவிட்சைத் தட்டிப் பெட்டியைப் போட்டேன்.

வவுனியாவில் எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். சாமானை வாங்கும்போது சொந்தக்காரன் கண்முன்னே போட்டுக் காட்டு. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று அவன் வாயால் சொல்ல வை. பிறகு வாங்கு. சனம் இடம்பெயர்ந்து ரேடியோவைத் தலையில் சுமந்து வந்த காலம் அது. 'தரேக்கை நல்லாத்தான் பாடினது, நீதான் சாமானைக் கழட்டினனி' என்று ஒருவன் சந்தியில் நின்று சொன்னால் கடை போய்விடும். நல்ல சட்டம். என்னை முப்பது வருடம் காப்பாற்றியது. அது திருத்துகிறவனைக் காப்பாற்றத்தான் போட்ட சட்டம் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் உறைத்தது.

இந்தப் பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருப்பது டிஸ்க். அது பழுதாகிவிட்டால் ஒவ்வொரு தரம் போடும்போதும் கொஞ்சம் சாகும். இது எனக்குத் தெரியாததும் இல்லை. நாலைந்து வருடம் முன்பு பளையிலிருந்து ஒரு கலியாண வீடியோக்காரர் டிஸ்க் ஒன்று கொண்டுவந்தார். அவருக்குப் போட்டுக் காட்டினேன். அவருடைய தம்பி வந்தார், காட்டினேன். மாப்பிள்ளையின் தகப்பன் நம்பாமல் தானே வந்தார், அவருக்கும் காட்டினேன். நாலாம் தரம் டிஸ்க் சுற்றவில்லை. தாலி கட்டினது அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது. அந்த மாப்பிள்ளையும் பொம்பிளையும் இப்போதும் சந்தையில் என்னைக் கண்டால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஏசியிருக்கலாம்.

அப்படியிருந்தும் கை போனது. கொம்பியூட்டர் டிஸ்க் என்று யாரும் கொண்டுவந்திருந்தால் பயந்திருப்பேன். இது கேம் பெட்டி. விளையாட்டுச் சாமான் என்று என் கை நினைத்துவிட்டது. வீடு இருக்கிறது என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகும் நினைத்தது.

ரீவியில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படியே நின்றது. அணைத்தேன்.

"எனக்குச் சரியா விளங்கேல்லை தம்பி. திருப்பி ஒருக்காப் போடுங்கோ," என்றார் செல்வராசா அண்ணை.

போட்டேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் பொறுத்து டிக், டிக்.

"பல்லி சொல்லுது," என்றான் தவம். "நல்ல சகுனம்."

அது பல்லி இல்லை, டிஸ்க். ரீவியில் இங்கிலீசில் நாலைந்து வரி வந்து நின்றது. எனக்கு இங்கிலீசு கடைப் பெயர் வாசிக்கும் அளவுதான்.

"ஓகேயோ எண்டு கேக்குது அண்ணை. அமத்தினாச் சரி," என்றான் தவம்.

கொன்ட்ரோலர் தர்சினியின் கையில் இருந்தது. பெருவிரல் பட்டனுக்கு மேலே போய்விட்டது.

"கையை எடுங்கோ பிள்ளை. முதல் வாசியுங்கோ."

"டிஸ்க் பழுதாம் ஐயா. அமத்தினாத் திருத்துமாம்."

"கீழை சின்ன எழுத்து இருக்கு. அதையும் வாசியுங்கோ."

வாசித்தாள்.

"உள்ளுக்கை இருக்கிற எல்லாம் அழிஞ்சிடுமாம்."

கொன்ட்ரோலரைக் கீழே வைக்கவும் பயந்துபோய், விரல் படாமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். நான் சுவரில் சுவிட்சை அணைத்தேன். டிக் சத்தம் நின்றது.

மெசின் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். அது உங்களுக்கு உதவி செய்யும் தோரணையில்தான் கேட்கும். தான் எழும்பினால் போதும் அதற்கு. உள்ளே யாருடைய வீடு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

"இனி இதை நான் போடமாட்டன்," என்றேன்.

"அப்ப திருத்தேலாதோ?"

"தெரியாது அண்ணை."

தெரியாது என்று சொல்வதற்கு எனக்குப் பதினைந்து வருடம் எடுத்தது. நீங்கள் முதல் வருடத்திலேயே பழகுங்கள். அவர்கள் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். ஓட்டோ திரும்பும்போது கமலாக்காவின் முகம் எனக்கு நேரே வந்தது. என்னிடம் ஒன்றும் கேட்காத முகம்.

வவுனியாவில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான். என்னைவிட இருபது வயது குறைவு, கம்பஸில் படித்தவன். அவனுக்குப் போன் எடுத்தேன். அந்த டிஸ்க்கை நமது கொம்பியூட்டரில் போட்டால் ஒன்றும் தெரியாதாம். அது தன்னுடைய பெட்டியோடு மட்டும்தான் கதைக்குமாம். ஒரே வழி, எழுத்து வாசிக்கத் தெரியாதவன் ஒரு கடிதத்தைப் பார்த்து வரைவதுபோல, என்ன இருக்கிறது என்று தெரியாமலே முழுவதையும் புது டிஸ்க்கில் இறக்கி, அதை அதே பெட்டிக்குள் போடுவது. புது டிஸ்க்கை அவனே வாங்கி, கிளிநொச்சி பஸ்ஸின் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். பஸ் வரும்வரை பழையதை நான் தொடவில்லை. தொட்டால் போட்டுப் பார்க்க மனம் வரும். அலுமாரியில் பூட்டித் திறப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். தர்சினி லீவு போட்டுவிட்டுத் தகப்பனோடு வந்தாள். தாயைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். தவமும் போகாமல் நின்றான்.

"ஐஸ்பெட்டிக்குள்ளை வைச்சு எடுத்தா டிஸ்க் எழும்புமாம் அண்ணை. போனிலை பாத்தனான்."

"முதல் உன்ரை ஓட்டோவை வைச்சுப் பார்."

பழைய டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி, புதியதோடு சேர்த்து என் மடிக்கணினியில் கொழுவி, சூடேறாமல் பக்கத்தில் சின்னக் காற்றாடி ஒன்றை வைத்தேன். நல்ல இடங்களை முதலில் எடுப்பது, கெட்ட இடத்தில் முட்டாமல் தாண்டிப் போவது, கடைசியில் நேரம் இருந்தால் திரும்பி வருவது என்று அவர்களுக்குச் சொன்னேன்.

"வெள்ளம் நிண்ட வயல் மாதிரி," என்றார் செல்வராசா அண்ணை. "காய்ஞ்ச பக்கத்தை முதல் வெட்டோணும். ஆசைப்பட்டுச் சேத்துக்குள்ளை இறக்கினா மெசினும் போய் நெல்லும் போய்."

அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்லவில்லை.

பதினொன்றரை இருக்கும். பாதிக்குக் கொஞ்சம் மேலே போயிருந்தது. கரண்ட் போனது.

ஓடுகிற டிஸ்க்கை நிறுத்தினால் அது மறுபடி எழும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. என் மடிக்கணினியின் பற்றரி செத்து இரண்டு வருடம். மாற்றவில்லை. கடையில் பழைய இன்வேர்ட்டர் ஒன்று இருந்தது, அதுதான் அப்போது தாங்கிப் பிடித்தது. இருபது நிமிடம் தாங்கும். விசாரித்தால் லைன் வேலை, இரண்டு மணிக்குத்தான் வரும் என்றார்கள்.

"ஊருக்கெல்லாம் பற்றரி மாத்திற கடை," என்றான் தவம். "கடைக்காரன்ரை பெட்டிக்கு ஒரு பற்றரி இல்லை."

உண்மைதான். அதனால் கோபம் வரவில்லை. இன்வேர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது. ஒழுங்காக நிறுத்தி வைப்பதா, தாங்கும்வரை ஓடவிட்டு நடுவில் பொத்தென்று விழவிடுவதா. இரண்டும் பயம். மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன்.

"தவம், ஓட்டோவைப் பின்பக்கமா வாசலுக்கு எடு."

"ஏன்?"

"உன்ரை பற்றரியிலை இருந்து இன்வேர்ட்டருக்கு வயர் குடுக்கப்போறன். எஞ்சினை நிப்பாட்டாமல் ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம் நிக்கோணும்."

"அண்ணை, எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்திற ஹயர் இருக்கு. என்ரை பிள்ளையள் ஒரு மணிக்கு கேற்றடியிலை நிப்பினம்."

அவன் தர்சினியைப் பார்த்தான். அவள் திரையில் ஊர்ந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வெளியே போனான். ஓட்டோ பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. அதற்கிடையில் யாருக்கோ போன் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"மச்சான், என்ரை பிள்ளையளை இண்டைக்கு நீ ஏத்து. ஏலாது, நான் வரேலாது. இஞ்சை ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு நிக்கிறன்."

வயரைக் கொடுத்தேன். கீச்சிட்டது நின்றது. பிறகு இருந்ததுதான் வேலை. எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, புகை கடைக்குள் வந்துகொண்டிருக்க, நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு டிஸ்க்கின் பக்கம் இருந்தோம். ஒவ்வொரு டிக் சத்தத்துக்கும் செல்வராசா அண்ணை கண்ணை மூடித் திறந்தார். ஒரு கட்டத்தில் பெற்றோல் முடியப் பார்த்தது. அவர் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் போத்தலில் வாங்கி வந்தார். எஞ்சினை நிறுத்தாமல் தவம் பெற்றோல் விட்டான். அது செய்யக்கூடாத வேலை. செய்யாதீர்கள். நாங்கள் செய்தோம்.

இரண்டு மணி தாண்டித்தான் கரண்ட் வந்தது. நாலு மணிக்கு நல்ல இடமெல்லாம் புது டிஸ்க்கில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் சேற்றுக்குத் திரும்பினேன். முதல் சுற்றில் பாதி தந்தது. இரண்டாம் சுற்றில் கொஞ்சம். மூன்றாம் சுற்றில் டிஸ்க் ஒருதரம் பெரிதாக இழுத்துவிட்டு நின்றுபோனது. பிறகு எழும்பவில்லை.

"முப்பத்தெட்டு இடம் வரேல்லை பிள்ளை," என்றேன்.

"அதிலை என்ன இருந்தது ஐயா?"

"எனக்குத் தெரியாது. ஒண்டும் இல்லாத இடமாயும் இருக்கலாம். வீடு திறபடாமலும் போகலாம்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிய வராது. ஆனாலும் சொன்னேன். "அண்டைக்கு நான் ரெண்டு தரம் போட்டுக் காட்டினனான். போட்டிருக்கக் கூடாது. அதிலை போனதும் இந்த முப்பத்தெட்டுக்குள்ளை இருக்கும்."

"ஐஞ்சு நாளா நான் எத்தினை தரம் போட்டிருப்பன் ஐயா. அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா எண்டு திருப்பித் திருப்பிப் போட்டனான்."

"உங்களுக்குத் தெரியாது பிள்ளை. எனக்குத் தெரியும்."

புது டிஸ்க்கைப் பெட்டிக்குள் பூட்டினேன். போட்டேன். இதைப் போடலாம், இது நல்ல டிஸ்க். பெட்டி எழும்பியது. விளையாட்டின் படம் வந்தது. அதற்கு மேலே நான் போகவில்லை. வீட்டைத் திறப்பது என் வேலை இல்லை.

நான் வீடுகளுக்குப் போய் வேலை செய்கிறவன் அல்ல. அன்று ஓட்டோவில் ஏறி அவர்களோடு போனேன். பிழையாகிப்போனால் ஏசுவதற்கு ஆள் அங்கே நிற்க வேண்டும். ஸ்கந்தபுரம் போகும்வரை பெட்டி என் மடியில் இருந்தது. தவம் ஒரு குழியிலும் விழுத்தவில்லை. கதைக்கவும் இல்லை.

கமலாக்காவைக் கூட்டிவந்து ரீவிக்கு முன்னால் கதிரையில் இருத்தினார்கள். வயரைக் குத்தினேன். தர்சினி திறந்தாள். ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. முக்கால்வாசியில் நின்றது. செல்வராசா அண்ணை சுவரைப் பிடித்தார். கோடு மறுபடி நகர்ந்தது.

வீடு வந்தது.

வாசல், பூட்டாத யன்னல், குசினி, கிணறு. தர்சினி நடந்து காட்டிக்கொண்டு போனாள். கிணற்றடி தாண்டி வேலியோரம் திரும்பினாள். முதல் தென்னை. கமலாக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இரண்டாவது தென்னை. அதற்கும் வரவில்லை. தர்சினி திரும்பிப் போய் முதல் தென்னைக்கு முன்னால் நின்றாள்.

"ஒண்டு."

குரல் கரகரத்தது.

"ரெண்டு. மூண்டு."

தவம் வாசலுக்கு வெளியே போய் நின்றான். நான் மனதுக்குள் கூடவே எண்ணினேன். ஏழு. எட்டு. ஒம்பது. பத்து.

"பதினொண்டு."

அதோடு வேலி முடிந்தது. வேலி இருந்த இடத்தில் வெறும் புல். மட்டமான, யாரும் தொடாத புல். மிச்சம் மூன்று தென்னையும் இல்லை.

தர்சினியின் விரல் நின்றது. செல்வராசா அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கமலாக்கா அந்த வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்சினி அவசரமாகத் திரையை வீட்டுப் பக்கம் திருப்பப் போனாள்.

"கையை எடுங்கோ பிள்ளை," என்றேன்.

எடுத்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கமலாக்காவின் மடியில் கிடந்த இடது கை எழும்பியது. விரலை நீட்டி, ஒன்றும் இல்லாத புல்லில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"பன்ரண்டு."

விரல் கொஞ்சம் தள்ளிப் போனது.

"பதின்மூண்டு."

இன்னும் கொஞ்சம்.

"பதினாலு."